வரி பாக்கி: வீட்டை மனைவி பெயருக்கு மாற்றினால் தப்பிக்கலாமா?

நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவர். 2021-22 நிதியாண்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்தார்கள், மொத்தம் 64,000 ரூபாய். அந்த நவம்பரில் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை. பணத்துக்கு வேறு வழியில்லாமல் தன் பெயரில் இருந்த மனையை விற்றார். அந்த லாபத்துக்கு 1,12,000 ரூபாய் வரி வரும் என்று ஆடிட்டர் சொன்னபோது மனை விற்ற பணம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'ரிட்டர்னை இப்போதைக்குப் போட்டுவிடலாம், வரியை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்' என்று 2022 ஜூலையில் தாக்கல் செய்தார்கள்.

டிசம்பரில் வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து டிமாண்ட், அதாவது பாக்கி வரியைக் கட்டச் சொல்லும் உத்தரவு வந்தது: வட்டியோடு சேர்த்து 2,00,730 ரூபாய். அது போன இடம் ஆடிட்டரின் பழைய மின்னஞ்சல். அடுத்த வருஷம் வரவேண்டிய 11,400 ரூபாய் ரீஃபண்டைத் துறையே எடுத்துக்கொண்டபோதுதான் இவருக்கு விஷயம் தெரிந்தது. விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சம்பளத்தில் பிடித்த 64,000 ரூபாயை நிறுவனம் அரசுக்குக் கட்டவே இல்லை. இப்போது அந்த நிறுவனமும் மூடிக் கிடக்கிறது. இதற்கிடையில் அப்பாவும் காலமாகிவிட்டார். 'அதற்கப்புறம் எதையும் திறந்து பார்க்கத் தெம்பில்லை' என்று எழுதுகிறார். மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. போன வாரம், பாக்கியைக் கட்டாததற்கு ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று கேட்டு உள்ளூர் வருமான வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். மைத்துனர், வீட்டை உடனே மனைவி பெயருக்கு எழுதிவிடச் சொல்கிறார். நண்பர் ஒருவர், மூன்று வருஷம் தாண்டியதால் இனி கேட்க முடியாது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஜெயில் என்கிறார். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் வந்து விழுவது அவரும் அம்மாவும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கில். அதுவும் போய்விடுமா என்ற பயம் வேறு. 'வாசலில் காலிங் பெல் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. நான் திருடன் இல்லை சார்' என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நண்பருக்கு,

நீங்கள் திருடன் இல்லை. உங்கள் வருமானத்தை நீங்களே ரிட்டர்னில் காட்டியிருக்கிறீர்கள். மனை விற்றதை மறைக்கவில்லை. மறைத்து மாட்டிக்கொண்டவர் நிலைமையும் காட்டிவிட்டுக் கட்ட முடியாமல் போனவர் நிலைமையும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. உங்களுடையது கடன் பாக்கி. இன்று வரை அவ்வளவுதான். அதை அதற்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 2,00,730 ரூபாய் இல்லை, மைத்துனர் சொன்ன யோசனைதான். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்திருந்தால், தயவுசெய்து முதலில் அதை நிறுத்துங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு குறிப்பு. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருகிறது. ஆனால் உங்கள் விவகாரம் அதற்கு முந்தைய ஆண்டைச் சேர்ந்தது. அதனால் இதற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். கீழே நான் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் பழைய சட்டத்தின் எண்கள்.

ஜெயில் பயம்

வரி பாக்கிக்காக ஒருவரைப் பிடித்துச் சிவில் சிறையில் வைக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 222-ஆவது பிரிவில், பாக்கியை வசூலிக்கும் வழிகளில் ஒன்றாக அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த எப்போது இடம் உண்டு என்பதையும் அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. வசூலைத் தடுப்பதற்காகச் சொத்தை நேர்மையற்ற முறையில் கைமாற்றியிருக்க வேண்டும், அல்லது மறைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டும் வசதி இருந்தும் கட்ட மறுத்திருக்க வேண்டும். அப்போதும்கூட முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். பெண்களையும் சிறுவர்களையும் இப்படிக் கைது செய்யவே முடியாது.

இது தவிர 276சி பிரிவு ஒன்று உண்டு. வரி கட்டாமல் தப்பிக்க வேண்டுமென்றே முயல்வது குற்றம் என்று சொல்லும் பிரிவு, அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. இதில் 'வேண்டுமென்றே' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு வரிக்கு மிச்சமில்லாமல் நின்றவரை அந்தச் சொல்லுக்குள் கொண்டுவருவது எளிதல்ல. ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு வீட்டைக் கைமாற்றியவரைக் கொண்டுவந்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் பயத்தையும் மைத்துனர் சொல்லும் தைரியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைத்துனர் சொன்னதைச் செய்தால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது நடக்க வழி பிறக்கும்.

மூன்று வருஷம் தாண்டினால் பாக்கி போய்விடுமா?

போகாது. தனியார் கைமாற்றுக் கடனுக்குக் காலவரம்புச் சட்டத்தில் மூன்று வருஷக் கெடு உண்டு. உங்கள் நண்பர் அதைத்தான் இதற்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார். உறுதியான வருமான வரி டிமாண்டுக்கு அந்தக் கெடு கிடையாது. 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசியதை நினைவுபடுத்துகிறேன். 1962 வரை பின்னோக்கிப் போகும் சில்லறை டிமாண்டுகள்கூட இன்னும் கணக்கில் கிடக்கின்றன என்று அவரே சொன்னார். அதன்படி 2009-10 நிதியாண்டு வரைக்குமான பாக்கியில் 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரைக்குமான பாக்கியில் 10,000 ரூபாய் வரையும் அரசே நீக்கியது. அறுபது வருஷப் பழைய பாக்கியும் அரசு ஆணை போட்டு நீக்கினால்தான் போயிற்று, தானாகக் காலாவதி ஆகவில்லை. உங்கள் பாக்கி ஆண்டிலும் தொகையிலும் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறது.

காத்திருந்தால் பாக்கி கரையாது என்பதோடு, வளரவும் செய்யும். டிமாண்ட் கிடைத்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். தாண்டினால் 220(2) பிரிவின்படி மாதத்துக்கு 1 சதவீதம் தனி வட்டி. ஒரு மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்குதான். 2,00,730 ரூபாய்க்கு 36 மாத வட்டி மட்டும் சுமார் 72,000 ரூபாய். ஆக நீங்கள் மனதில் வைத்திருக்கும் இரண்டு லட்சம் இன்று 2,73,000-ஐ ஒட்டி நிற்கிறது. கஷ்டமான செய்திதான். தெரிந்துகொண்டு திட்டம் போடுவது நல்லது என்பதால் சொல்கிறேன்.

டிமாண்டைப் பிரித்துப் பாருங்கள்

டிமாண்டை ஒரே கட்டியாகப் பார்த்து மலைத்து நிற்கிறீர்கள். அது இரண்டு வேறு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்ட தொகை. 1,12,000 ரூபாய் மனை விற்ற லாபத்துக்கான வரி. அது உண்மையிலேயே நீங்கள் கட்ட வேண்டியது. 64,000 ரூபாய் சம்பளத்தில் பிடித்த வரி, அதாவது டி.டி.எஸ். அதை நீங்கள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மீதி சுமார் 24,700 ரூபாய் இந்த இரண்டின் மேலும் ஏறிய வட்டி.

அந்த 64,000-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். நிறுவனம் அரசுக்குப் பணம் கட்டவில்லை, அதனால் உங்கள் பெயரில் அரசுக்கு வந்து சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது இல்லை. கணினி 26ஏஎஸ்ஸைப் பார்க்கிறது, அங்கே எதுவும் இல்லை, உடனே உங்கள் தலையில் டிமாண்ட் எழுதிவிடுகிறது. 'என் முதலாளி கட்டாததால் நான்தான் மறுபடி கட்டணும் போல' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அந்த ஊழியரிடம் மறுபடி வரியைக் கேட்கக் கூடாது என்று 205-ஆவது பிரிவு நேரடியாகச் சொல்கிறது. பிடித்தவர் கட்டினாரா இல்லையா என்பது அரசுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. பிடித்த வரியைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம், அந்தக் குற்றம் நிறுவனத்துடையது. இப்படிப்பட்ட இனங்களில் ஊழியரிடம் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் மாதமும் 2016 மார்ச் மாதமும் தன் அதிகாரிகளுக்கு எழுதியே கொடுத்திருக்கிறது. பல உயர் நீதிமன்றங்களும் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்திருக்கின்றன.

ஆனால் வரி பிடித்தார்கள் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. வரிப் பிடித்தத்துக்கு நிறுவனம் தர வேண்டிய சான்றிதழான ஃபார்ம் 16-ஐத் தரவில்லை என்கிறீர்கள். பரவாயில்லை. வரிப் பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டுகள், பிடித்தம் போக மீதிச் சம்பளம் வந்து விழுந்ததைக் காட்டும் வங்கி அறிக்கை, வேலை நியமனக் கடிதம், சம்பளப் பிரிவோடு வந்த பழைய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பன்னிரண்டு மாதச் சீட்டும் கிடைக்காவிட்டாலும், கிடைத்த சீட்டிலிருக்கும் நிகரத் தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் ஒத்துப் போனால் அது வலுவான சான்று. கூட வேலை பார்த்தவர்களிடமும் கேளுங்கள். அவர்களில் சிலருக்கும் இதே பிரச்சினை இருக்கும். யாராவது ஏற்கெனவே சரிசெய்திருந்தால் அவருக்குக் கிடைத்த உத்தரவின் நகல் உங்களுக்கும் பயன்படும்.

இதை வைத்து 154-ஆவது பிரிவின் கீழ் திருத்த மனு போட வேண்டும். உத்தரவு பிறந்த நிதியாண்டு முடிந்து நான்கு வருஷம் வரை இதற்கு அவகாசம். உங்கள் டிமாண்ட் 2022-23-இல் வந்தது, அதனால் 2027 மார்ச் 31 வரை. பெங்களூரு மையத்துக்கு ஆன்லைனில் மட்டும் போட்டால், கணினி மறுபடி அதே 26ஏஎஸ்ஸைப் பார்த்துவிட்டு அதே பதிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே உங்கள் பேன் எண் எந்த மதிப்பீட்டு அதிகாரியின் கீழ் வருகிறதோ அவருக்கு, ஆவணங்களோடு எழுத்து மூலமாகக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே இல்லை என்றால் வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டலில் இ-நிவாரண் என்ற குறைதீர்ப்புப் பகுதியில் புகார் பதியலாம். மேல்முறையீடும் உண்டு, ஆனால் அதற்கான 30 நாள் எப்போதோ போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம் என்றாலும் உங்கள் விஷயத்துக்குத் திருத்த மனுதான் நேர்வழி.

64,000 போனால் அதன் மேல் ஏறிய வட்டியும் சேர்ந்தே போகும். தொகை குறைந்தால் 220(2) வட்டியையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,73,000 என்பது 1,74,000-ஐ ஒட்டி இறங்குகிறது. நீங்கள் பயத்தில் யாரிடமோ கடன் வாங்கி முழுத் தொகையையும் கட்டியிருந்தால், கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டாத பணம் போயிருக்கும்.

அந்த 11,400 ரூபாய் ரீஃபண்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாக்கி இருந்தால் ரீஃபண்டை அதில் கழித்துக்கொள்ள 245-ஆவது பிரிவு இடம் தருகிறது. கழிப்பதற்கு முன் உங்களுக்குத் தகவல் கொடுத்து, போர்ட்டலில் பதில் சொல்ல 21 நாள் தருவார்கள். அந்தத் தகவலும் பழைய ஆடிட்டரின் மின்னஞ்சலுக்கே போயிருக்கும். அந்தப் பணம் வீணாகவில்லை, பாக்கியில் வரவு வைக்கப்பட்டிருக்க வேண்டும். வைத்திருக்கிறார்களா என்று சரிபாருங்கள்.

வங்கிக் கணக்கு, அம்மாவின் ஓய்வூதியம்

துறை வசூலில் இறங்கினால் முதலில் கைவைப்பது வீட்டில் அல்ல. ரீஃபண்டை எடுப்பார்கள், அப்புறம் வங்கிக் கணக்கு. 226(3) பிரிவின்படி வங்கிக்கு நோட்டீஸ் போனால், கணக்கில் இருப்பதைப் பாக்கி அளவுக்கு வங்கி எடுத்து அனுப்பிவிட வேண்டும். உங்களுக்கு வரைபடக் கூலி தர வேண்டிய கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும் இதே நோட்டீஸ் போகலாம். 'அவருக்குத் தர வேண்டியதை எங்களிடம் கட்டுங்கள்' என்று துறை உங்கள் வாடிக்கையாளருக்கே எழுதும். தொழில் செய்பவருக்கு இதைவிட வேறு தலைக்குனிவு இல்லை. பதில் போடாமல் இருப்பதால் வரும் உண்மையான ஆபத்து இதுதான். ஜெயிலைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை இதைத் தடுப்பதற்குக் கொடுங்கள்.

கூட்டுக் கணக்கில் வேறு விதமாக நிரூபிக்காத வரை ஆளுக்குச் சம பங்கு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதாவது அதில் 60,000 ரூபாய் இருந்தால் 30,000 உங்களுடையதாகக் கருதப்படும், அத்தனையும் அம்மாவின் ஓய்வூதியமாக இருந்தாலும். உங்கள் பாக்கிக்கு அம்மா பொறுப்பல்ல. அவர் தன் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கி, ஓய்வூதியம் அதில் விழும்படி இப்போதே மாற்றிக்கொள்ளட்டும். அவர் பணத்தை அவர் கணக்கில் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. கூட்டுக் கணக்கில் இருக்கும் அவருடைய பழைய ஓய்வூதியப் பணத்தையும் மாற்றலாம், ஆனால் பாஸ்புக் பதிவுகளை வைத்து எது அவருடையது என்று காட்ட முடிந்த தொகையை மட்டும். அதோடு உங்கள் சேமிப்பில் ஒரு ரூபாயைக்கூடச் சேர்த்து அனுப்பாதீர்கள். அப்படிச் செய்தால் அம்மாவின் சுத்தமான பணமும் சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

வீட்டை எழுதி வைக்கும் யோசனை

மைத்துனர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த யோசனைக்குச் சட்டம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதில் எழுதி வைத்துவிட்டது. 222-ஆவது பிரிவின் விளக்கத்தில், 1973 ஜூன் 1-க்குப் பிறகு உரிய விலை வாங்காமல் மனைவிக்கோ, மைனர் பிள்ளைக்கோ, மருமகளுக்கோ மாற்றிய சொத்தும் பாக்கிதாரரின் சொத்தாகவே கருதப்படும் என்று இருக்கிறது. நீங்கள் செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்தாலும் வசூல் அதிகாரியின் கண்ணுக்கு வீடு உங்களுடையதுதான். 281-ஆவது பிரிவு இன்னொரு பக்கத்திலிருந்து பூட்டுகிறது. வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போதோ, அது முடிந்து வசூல் அதிகாரியின் நோட்டீஸ் வருவதற்கு முன்போ செய்த மாற்றம் வரித் துறையின் உரிமைக்கு எதிராகச் செல்லாது. உரிய விலை கொடுத்து, நிலுவை விவரம் தெரியாமல் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. மனைவிக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஆக, வீடும் காப்பாற்றப்படவில்லை, பத்திரச் செலவும் போயிற்று. அதைவிட மோசம், உங்கள் கையெழுத்தோடு ஒரு சாட்சியைப் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தது போலாகும். இதுவரை கஷ்டத்தில் கட்ட முடியாதவர் என்ற நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. பத்திரம் பதிந்த நாளிலிருந்து அந்த நியாயத்தை எந்த அதிகாரி முன்னாலும் நிமிர்ந்து நின்று சொல்ல முடியாது. வட்டித் தள்ளுபடி கேட்கும் வழியும் அதோடு அடைபட்டுப் போகும். உங்கள் மனைவியையும் நோட்டீஸ், விசாரணை என்று இதற்குள் இழுத்துவிடுவீர்கள்.

சரி, வீட்டை உண்மையிலேயே எடுத்துக்கொள்வார்களா? குடியிருக்கும் வீடு என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை. ஆனால் வழி நீளமானது. வரி வசூல் அதிகாரி சான்றிதழ் போட வேண்டும், 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும், பிறகு ஜப்தி, ஏல அறிவிப்பு, அதன் பின் குறைந்தது 30 நாள். ஒவ்வொரு படியிலும் பணம் கட்டி நிறுத்த முடியும். அந்த வழியின் முதல் படியில்கூட நீங்கள் இன்னும் கால் வைக்கவில்லை.

எப்படிக் கட்டுவது

64,000-ஐத் தனியே நிறுத்திவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் கடன். 'பணம் மொத்தமாகச் சேர்ந்ததும் கட்டுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். போர்ட்டலில் டிமாண்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்துச் சிறுகச் சிறுகவும் கட்டலாம், கட்டிய அளவுக்கு வட்டி நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சலானில் வகை எண் 400 என்று இருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் 100 அல்லது 300-இல் கட்டிவிட்டால் பணம் அரசுக்குப் போயிருக்கும், டிமாண்ட் அப்படியே நிற்கும்.

தவணை கேட்க 220(3) பிரிவு உண்டு. ஆனால் அதற்கு டிமாண்டின் 30 நாளுக்குள் மனுக் கொடுத்திருக்க வேண்டும், அந்த உரிமை உங்களுக்குக் கைநழுவிவிட்டது. அப்படியிருந்தும் கேளுங்கள். ஒரு தொகையை முதலில் கட்டிவிட்டு, மீதியை மாதம் இவ்வளவு என்று நம்பும்படியான திட்டத்தோடு வருபவரிடம் அதிகாரிகள் பொதுவாகப் பேசத் தயாராகவே இருப்பார்கள். விவகாரம் வசூல் அதிகாரியிடம் போனாலும் அவகாசம் தரும் அதிகாரம் அவருக்கு உண்டு. மாதம் 15,000 முடியும் என்றால் 12,000 என்றே சொல்லுங்கள். ஒரு தவணை தவறினால் மொத்தமும் உடனே கேட்கப்படும்.

கடன் வாங்கிக் கட்டலாமா? துறையின் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தனி வட்டி. அதைவிடக் குறைவாக நகைக் கடனோ கூட்டுறவுக் கடனோ கிடைத்தால் வாங்கிக் கட்டி முடிப்பது லாபம், நிம்மதியும்கூட. கிரெடிட் கார்டிலும் கந்து வட்டியிலும் வாங்கி வரிக் கடனை அடைப்பது எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று தேடுவது போலத்தான், வேண்டாம்.

220(2) வட்டியைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ ஆணையருக்கு 220(2ஏ) பிரிவில் அதிகாரம் இருக்கிறது. மூன்றும் பொருந்த வேண்டும்: வட்டி கட்டுவது உண்மையான கஷ்டமாக இருக்க வேண்டும், கட்டத் தவறியது உங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் நடந்திருக்க வேண்டும், விசாரணைக்கு ஒத்துழைத்திருக்க வேண்டும். முதல் இரண்டும் உங்களுக்குப் பெரும்பாலும் இருக்கிறது. மூன்றாவது, இந்த வாரம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கேட்க நியாயம் இருக்கிறது.

முதலில் அந்த நோட்டீஸ்

221-ஆவது பிரிவு அபராதம், பாக்கி வரியின் அளவு வரை போகலாம். அதாவது இரட்டிப்பு. இப்போதே பணத்தைக் கட்டிவிட்டாலும் அது மட்டுமே அபராதத்திலிருந்து காப்பாற்றாது. ஆனால் தவறியதற்குத் தகுந்த, போதுமான காரணம் இருந்தால் அபராதம் விதிக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. காரணத்தைச் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? மூன்று வருஷமாக அவர்கள் பார்த்ததெல்லாம் பதில் வராத ஒரு பேன் எண்ணை மட்டும்தான்.

நோட்டீஸில் ஆவண அடையாள எண், டின் என்பார்கள், இருக்கிறதா என்று பார்த்து, போர்ட்டலில் போட்டு உண்மையானதா என்று உறுதிசெய்யுங்கள். 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களுக்கு அது கட்டாயம். பேன் எண்ணோடு இருக்கும் மின்னஞ்சல், கைபேசி எண் இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். பிறகு போர்ட்டலில் நிலுவை டிமாண்டுக்குப் பதில் தரும் பகுதிக்குப் போய், 'ஒரு பகுதியை ஏற்கவில்லை' என்று தேர்ந்தெடுத்து, 64,000-ஐயும் அதற்கான வட்டியையும் மறுத்துப் பதிவு செய்யுங்கள். முழுவதும் சரி என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள், அதன் பிறகு மறுப்பது சிரமம். நோட்டீஸுக்குத் தனியாக இரண்டு பக்கத்தில் பதில்: நடந்தது என்ன, எது உங்கள் பாக்கி, எது இல்லை, முதல் தவணை கட்டிய சலான், மீதிக்கான திட்டம். நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் முடியவில்லை என்றால் அவகாசம் கேட்டாவது எழுதுங்கள். கூட ஒரு ஆடிட்டரையோ வரி வழக்கறிஞரையோ வைத்துக்கொள்ளுங்கள், இந்த 205-ஆவது பிரிவு மனுவைத் தனியாகச் செய்வதைவிட அது நல்லது.

கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்களே, '40,000 கொடுத்தால் ஃபைலை மூடிவிடுகிறேன்' என்று ஒருவர் போனில் பேசியதாக. வரியை போனில் பேசி யாரும் மூட முடியாது. பணம் போர்ட்டல் வழியாக அரசுக் கணக்குக்குப் போனால்தான் கட்டியதாகும். அந்த எண்ணைத் தடை செய்துவிட்டு, சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்குச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அப்பாவின் மருத்துவமனை ரசீதுகளைப் பார்க்க மனம் வராமல் ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பையை இறக்க வேண்டியிருக்கும். மனை விற்ற பத்திரத்தின் தேதி, அறுவை சிகிச்சையின் தேதி, பணம் கட்டிய ரசீதுகளின் தேதி மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, 221 பதிலிலும் வட்டித் தள்ளுபடி மனுவிலும் முதல் இணைப்பாக வையுங்கள். தனியாக உட்கார்ந்து பிரிக்க வேண்டாம், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.